பூனை வளர்க்கும் மாதுங்கா, செம்பூர், தாராவித் தமிழ்க் குடும்பத்தாருக்கு



உங்கள் வீட்டுப் பூனை விடியற்காலையில் ஓர் எலியையோ, அணிலையோ, கழுத்து மடங்கிய ஒரு தேன்சிட்டையோ கவ்விக்கொண்டு வந்து வாசற்படியில் போட்டுவிட்டு உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்து நிற்கிறதே, அந்த வேளையில் உங்களில் பலர் செய்கிற காரியத்தைக் குறித்து உங்களிடமே நேரில் முறையிட வேண்டும் என்ற எண்ணத்தினால் இந்த மடலை எழுதத் துணிந்தேன். துடைப்பத்தை எடுத்து அதை அடிக்கிறீர்கள். செத்த ஜீவனை வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கடையிலோ அடுத்த கட்டடத்தின் காம்பவுண்டுக்குள்ளோ வீசுகிறீர்கள். இதுவே நாலைந்து தடவை நடந்துவிட்டால் ஒரு கோணிப்பையைத் தேடுகிறீர்கள். பூனையைக் கொன்றால் பாவம் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகையால் நீங்கள் கொல்வதில்லை. கோணிக்குள் போட்டு, வாயைக் கட்டி, ரயில் பாதைக்கு அப்பாலோ மீன் மார்க்கெட்டின் பின்புறத்திலோ அவிழ்த்துவிட்டுத் திரும்புகிறீர்கள்.

அந்தக் கோணியிலிருந்து வெளிவரும் பூனையின் கதி என்னவாகும் என்பதைச் சற்றே யோசித்துப் பாருங்கள். பிறந்தது முதல் ஒரே வீட்டின் வாசனையையும் ஒரே மாடிப்படியையும் அறிந்த பிராணி அது. அந்நியமான இடத்தில், ஏற்கெனவே அங்கே எல்லை வகுத்துக்கொண்டிருக்கும் பூனைகளுக்கும் தெருநாய்களுக்கும் நடுவில், ஒளிந்துகொள்ள ஒரு சந்துகூடத் தெரியாமல் விடப்படுகிறது. பட்டினியால் வாடும்படியாக ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். கையால் கொல்லாமல் தூரத்தை ஏவிக் கொன்றால் பாட்டி சொன்ன பாவம் மட்டும் நம்மை விட்டு விலகிப்போகுமா?

அது செய்த அபராதந்தான் என்ன? தாய்ப்பூனை தன் குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும், பிறகு குற்றுயிரான இரையையும் கொண்டுவந்து கொடுத்து வேட்டையைக் கற்பிக்கிறது. வேட்டையாடிய பூனை தனக்கு அபயமான இடம் எதுவோ அங்கே இரையைக் கொண்டுசெல்கிறது. உங்கள் வீட்டைத் தன் வீடாக அது கருதியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பசி ஒன்று, வேட்டை ஆவல் வேறொன்று. வயிறு நிரம்பிய பூனையும் செடியில் இலை அசைந்தால் பதுங்கும். மூஞ்சூறு ஒன்றைக் கொன்று கொண்டுவந்த பூனையைக் கவனித்திருப்பீர்கள்; அந்தக் கஸ்தூரி நாற்றத்தினால் அதை அது தின்பதேயில்லை, முகர்ந்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. அடித்தால் இந்தச் சுபாவம் மாறாது. உங்களைக் கண்டு அஞ்சுவதை மாத்திரமே அது கற்றுக்கொள்ளும்.

மாதுங்காவில் வசிக்கும் அன்பர்களே, நீங்கள் காலையில் உலாவப் போகும் அந்த அகலமான வீதிகளும், ஐந்து தோட்டங்களும், வீட்டுக்கு வீடு காற்றோட்டமான இடைவெளியும் எப்படி உண்டாயின என்பதை நினைவுகூருங்கள். 1896இல் பம்பாயின் மாண்ட்விப் பகுதியிலே எலிகள் செத்து விழுந்து, டாக்டர் அகேஷியோ வியேகாஸ் என்பவர் பிளேக் நோயை இனங்கண்டு அறிவித்த பிறகு, நகரமே காலியாகும்படி ஜனங்கள் ஓடிப்போன பிறகுதான், 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. அந்த டிரஸ்டின் திட்டத்திலே பிறந்ததுதான் தாதர்–மாதுங்கா. எலிக்குப் பயந்து கட்டிய பேட்டையில் நாம் குடியிருக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் காலத்திலேயே, அமராவதியில் இருந்த இந்திய மருத்துவப் பணி அதிகாரி புக்கானன் என்பவர், பூனைகள் மிகுதியாக உள்ள கிராமங்களைப் பிளேக் அவ்வளவாகத் தீண்டவில்லை என்று கண்டு, வீடுதோறும் பூனை வளர்க்க வேண்டுமென்று 1908இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். பூனைக்கும் பிளேக் தொற்றும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று என்பது வாஸ்தவம். ஆயினும், எலியைப் பிடி என்று அதை வீட்டுக்குள் அழைத்தவர்கள் நாமே என்பதையும், அழைத்த வேலையைச் செய்ததற்காகவே இப்போது அதைத் தண்டிக்கிறோம் என்பதையும் மறுக்க முடியாது.

தாராவியில் இருக்கும் சகோதரர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை. கோலி என்னும் ஒரே அறைக்குள் அரிசி மூட்டையும், இட்லி மாவுக்கு ஊறப்போட்ட உளுந்தும், மேலே போட்மாலா என்னும் பரணில் உறங்கும் குழந்தைகளும் இருக்க, பின்னால் ஓடும் நாலா என்னும் சாக்கடைக் கால்வாயிலிருந்து பெருச்சாளி ஏறிவருவதை இரவுதோறும் அனுபவித்தவர்கள் நீங்கள். மாநகராட்சி, கைவிளக்கும் தடியும் கொடுத்து இரவு நேரத்தில் எலி கொல்வதற்கென்றே ஆட்களை வைத்து, ஆளுக்கு ஓர் இரவில் முப்பது எலி என்று கணக்கும் வகுத்திருந்தது. அப்படியும் எலி ஒழிந்தபாடில்லை. உங்கள் பூனை சாதாரணமாகப் பிடிப்பது சுண்டெலியையும் இளம் எலியையுந்தான். வளர்ந்த பெருச்சாளியை எதிர்த்துச் சண்டைக்குப் போகும் பூனை அபூர்வம். குப்பை அகலாத வரையில், சாக்கடை மூடி பெயர்ந்து கிடக்கும் வரையில், எலியை ஒழிக்கும் பாரத்தை அந்தச் சிறு பிராணியின் தலைமேல் சுமத்துவது நியாயமாகாது.

இனி, நான் மிகுந்த தயக்கத்தோடு சொல்ல வந்த ஒரு விஷயம். மாதுங்காவிலும் செம்பூரிலும் ஆசாரமான வீடுகள் பல உண்டு. முட்டைகூட உள்ளே வராத அந்த வீடுகளில் பூனைக்குப் பாலும் தயிர்ச்சாதமும் வார்த்து, அது சாதுவாக வளர்கிறது என்று மகிழ்ந்திருக்கையில், ஒருநாள் பூஜை அறையின் வாசலில் அது இரத்தம் தோய்ந்த குருவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது; வீடே தீட்டுப்பட்டுவிட்டதாகக் கலங்கிப்போகிறீர்கள். உங்கள் மனவேதனையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பூனை மாமிச பட்சிணி. விரும்பினால் சைவமாகிவிடக்கூடிய ஜாதி அன்று. டாரின் என்ற சத்து அதற்கு இன்றியமையாதது. அது மாமிசத்திலும் மீனிலும் உண்டு, சோற்றிலும் பருப்பிலும் இல்லை. அந்தச் சத்துக் குறைந்தால் பூனையின் கண்ணில் விழித்திரை அழிகிறது என்று 1975இலும், இருதயம் தளர்ந்து வீங்குகிறது என்று 1987இலும் அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்திருக்கிறார்கள். வளர்ந்த பூனைகளில் அநேகத்துக்குப் பால் செரிப்பதுமில்லை. இங்கிலாந்திலுள்ள எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், தானியம் கலவாமல் இறைச்சிப் புரதம் மிகுந்த தீவனத்தைக் கொடுத்த வீடுகளில், பூனைகள் கொண்டுவந்த இரையின் எண்ணிக்கை நூற்றுக்கு 36 பங்கு குறைந்ததாகக் கண்டார்கள். நாம் வட்டிலில் வைக்க மறுத்ததை அது வெளியே தேடிக்கொள்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம் கொள்ளத் தோன்றுகிறது. வீட்டிலே மாமிசம் சமைக்கும்படி உங்களை வற்புறுத்தவில்லை. டப்பாவிலும் பொட்டலத்திலும் விற்கிற பூனைத் தீவனத்தை, பால்கனியின் ஒரு மூலையில், அதற்கென்று ஒதுக்கிய தட்டில் வைப்பதற்கு உங்கள் ஆசாரம் இடங்கொடுக்குமானால் பூனையை வளருங்கள். அதற்கும் இடமில்லையென்றால், இப்போதிருக்கும் பூனைக்கு, அத்தகைய தீவனம் கொடுக்கச் சம்மதிக்கும் ஒரு வீட்டைத் தேடித் தாருங்கள், இனி ஒன்றைக் கொண்டுவராதீர்கள். தன் தர்மத்தைத் தான் காப்பது மேன்மை; அதைப் பூனையின் வயிற்றில் திணிப்பது மேன்மையாகாது.

அதே ஆராய்ச்சியில், தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷம், கோலில் கட்டிய இறகையோ கயிற்றையோ ஆட்டிப் பூனையோடு விளையாடிய வீடுகளில் இரை 25 சதவிகிதம் குறைந்தது; கழுத்தில் கட்டிய மணியினாலோ குறிப்பிடத்தக்க பலன் ஒன்றும் தென்படவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் உங்கள் குழந்தைகளுக்கு இதைவிட இன்பமான வேலை வேறென்ன இருக்கிறது?

அடுத்தபடியாக விஷம். நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு கட்டடத்தில், யாருக்கும் முன்னறிவிப்பின்றி, படிக்கட்டின் அடியிலும் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலும் எலி மருந்துக் கட்டிகளை வைத்தார்கள். சில நாள் கழித்து இரண்டாம் மாடிப் பூனை ஒன்று எலியோடு வந்தது. அந்த எலி ஓடவும் மாட்டாமல் தள்ளாடிக்கொண்டிருந்ததை, சுலபமாகப் பிடித்த இரை என்றே எல்லோரும் எண்ணினார்கள். பிறகு அந்தப் பூனை உண்ண மறுத்து மூலையில் முடங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது, ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. மூக்கின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் உறையாமல் நின்றது. மருத்துவரிடம் கொண்டுசெல்வதற்குள் அது பிராணனை விட்டது. அந்த வீட்டுப் பெண்மணி கட்டடத்தாரைக் கேட்டபோது, பூனை ஏன் எலியைத் தின்கிறது என்று பதில் சொன்னார்களாம்.

ப்ரோமாடியோலோன் போன்ற மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை. இரத்தம் உறையும் சக்தியைக் கெடுத்துச் சில நாட்களில் கொல்கின்றன. அந்த இடைக்காலத்தில் விஷத்தைச் சுமந்துகொண்டு மந்தமாகத் திரியும் எலிதான் பூனைக்கும் ஆந்தைக்கும் முதலில் அகப்படுகிறது. கே-1 வைட்டமினைத் தாமதமின்றிக் கொடுத்தால் பூனையைக் காப்பாற்றலாம். ஆனால் எந்த மருந்து வைத்தார்கள் என்பது தெரிந்தாலல்லவா மருத்துவர் அதைக் கொடுக்க முடியும்? ஸிங்க் பாஸ்பைடு என்ற கருநிறப் பொடியோ, வயிற்றின் அமிலம் பட்டதும் நச்சுவாயுவாக மாறுவது. அதற்கு மாற்று மருந்தே இல்லை. ஆகவே, எலி தானாகத் தள்ளாடி வந்து பூனையின் வாயில் விழுமானால், பூனையின் சாமர்த்தியத்தை மெச்சுவதற்கு முன், கட்டடத்தில் யார் எங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் என் மனம் ஆறாது. எலி விஷயத்தில் பூனைக்காகப் பரிந்து பேசிய நான், குருவி விஷயத்தில் அவ்வாறு பேச முடியாது. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரையில் பறவைகளைப் பூனைகள் கொல்கின்றன என்று 2013இல் கணக்கிட்டார்கள். அதே நாட்டில் ஜார்ஜியா மாநிலத்தில் பூனைகளின் கழுத்தில் சிறு காமிராவைக் கட்டிப் பார்த்தபோது, கொன்றதில் நான்கில் ஒரு பங்குகூட வீட்டுக்கு வரவில்லை என்று தெரிந்தது. பாதியளவு கொன்ற இடத்திலேயே கிடந்தது. நீங்கள் வாசற்படியில் பார்ப்பது கொஞ்சமே, பாராதது அதிகம். இந்த நகரத்தின் பறவையென்று சிறப்பிக்கப்படும் செம்மார்புக் குக்குறுவான், வெயில் ஏறும் வேளையில் கன்னான் செம்பைத் தட்டுவதுபோல் குரல் எழுப்புவதை மாதுங்காவின் மரங்களிலே இன்னும் கேட்கலாம். தாராவியை ஒட்டி, ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையெல்லாம் மலையாகக் குவிந்திருந்த இடத்திலே, மரம் மரமாக நட்டு வளர்த்த மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பையைக் காடாக்கிப் பறவைகளை அழைத்து வந்த அந்த அரிய முயற்சியின் பலனை, மதிலுக்கு இப்பால் நாம் அவிழ்த்துவிடும் பூனைகள் தின்றுதீர்க்கக் கூடாது. மார்ச்சு முதல் மழை தொடங்கும் வரையில், பறக்கத் தெரியாத குஞ்சுகள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் தத்தித் திரியும் காலத்திலாவது, உங்கள் பூனை வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவை உயிரோடு அகப்பட்டால், காயம் சிறியதென்று எண்ணிப் பறக்கவிட்டுவிடாதீர்கள். பூனையின் பல்லில் இருக்கும் கிருமி இரண்டொரு நாளில் அதன் இரத்தத்தை விஷமாக்கிவிடும். துளையிட்ட செருப்புப் பெட்டியில் பழந்துணி விரித்து, இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பேடிட் பிராணி மருத்துவமனைக்கோ வேறொரு மருத்துவரிடமோ கொண்டுசெல்லுங்கள். செத்துவிட்டிருந்தாலும், அது இன்ன பறவை என்றாவது உற்றுப் பாருங்கள். இதே பம்பாயில் ஒரு சிறுவன் தான் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்னவென்று அறிய இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் கொண்டுபோனான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பாரத தேசம் முழுதும் அறிந்த பறவையியல் அறிஞர் சலீம் அலி. செத்த பறவையைக் கண்டு முகம் சுளிக்காமல் கேள்வி கேட்க உங்கள் பிள்ளைகளையும் பழக்குங்கள்.

செத்ததை அப்புறப்படுத்தும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெறுங்கையால் தொடாதீர்கள்; ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, அதையே உள்வெளியாகத் திருப்பிக் கட்டி, இன்னொரு பையில் போட்டுக் குப்பை வண்டியில் சேருங்கள்; நாலாவில் எறியாதீர்கள். அந்த இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்துத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பினாயில் பூனைக்கு விஷம், அதன் பாதத்தில் பட்டு நக்கினால் ஈரல் தாங்காது. 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியதற்குப் பின், எலியின் மூத்திரம் கலந்த நீரினால் லெப்டோஸ்பைரோஸிஸ் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில், காலில் வெடிப்போ காயமோ உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

பிரசவத்துக்கு மகள் பிறந்த வீடு வந்ததும் பூனையைத் துரத்தும் வழக்கத்தையும் கைவிடுங்கள். டாக்ஸோப்ளாஸ்மா என்ற கிருமியைக் குறித்த உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் பூனைக்கு அது இரையின் மூலமும் பச்சை மாமிசத்தின் மூலமுமே பெரும்பாலும் வருகிறது. வந்தாலும் சில வாரங்களே மலத்தில் வெளிப்படுகிறது. அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் பிறருக்குத் தொற்றும். ஆகையால் பூனையை வீட்டுக்குள் வைத்து, சமைத்த உணவையோ கடைத் தீவனத்தையோ கொடுத்து, மணல் தட்டைக் கர்ப்பிணி அல்லாத ஒருவர் தினந்தோறும் சுத்தம் செய்தால் அச்சம் பெரிதும் நீங்கும். வெளியே துரத்தினால்தான், இரை தின்று, ஜன்னல் வழியாகத் திரும்பி வந்து, நீங்கள் எதை அஞ்சினீர்களோ அதைக் கொண்டுவரும்.

இவ்வளவும் சொன்னபின் உங்களிடம் நான் யாசிப்பது இதுதான். அந்தி மயங்கும் நேரம் முதல் மறுநாள் வெயில் நன்றாக ஏறும் வரையில் பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். முதல் சில இரவுகள் அது கத்தும், பிராண்டும். வட்டிலில் வயிறு நிறைய இறைச்சி உணவும் படுக்கப் போகுமுன் கொஞ்சம் விளையாட்டும் கிடைத்தால் படிப்படியாக அடங்கும். ஒற்றைக் கோலியில் எண்மர் உறங்கும் வீட்டில் இது கஷ்டம் என்பதை அறிவேன்; அங்கே குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மட்டுமாவது முயலுங்கள், குட்டிகள் பெருகாதபடி கருத்தடையாவது செய்துவிடுங்கள். கோணிப்பையை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் எடுக்காதீர்கள்.

தனித்தனி வீடு செய்யக்கூடியதற்கு மேற்பட்ட ஒரு காரியமும் உண்டு. உங்கள் சொசைட்டியின் பொதுக்கூட்டத்திலும், தாராவியில் உங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டத்திலும் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: எலி விஷம் வைப்பதானால் மருந்தின் பெயரும், வைத்த இடமும், நாளும் ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும், விஷத்துக்கு முன்பாகக் குப்பைத் தொட்டிக்கு மூடியும், சாக்கடைக்குக் கம்பி வலையும், எலிக்கூண்டும் ஏற்பாடு செய்யப்பட வேண்டும், எவர் வீட்டுப் பூனையையும் எவரும் பிடித்து அப்புறப்படுத்தக் கூடாது. கூட்டம் என்றைக்கோ நடக்கட்டும் என்று காத்திராமல், இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி இந்த வாரமே செயலாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பூனை வளர்க்காத அண்டை வீட்டாரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
மாதுங்கா